தேங்கா எண்ணெ குடிச்ச சர்வர்

ஒரு சின்ன ஸ்கூலுக்கு சர்வர் வாங்கணும்னா மொதல்ல எதப் பாப்பீங்க? ப்ராசசரா? ரேமா? டிஸ்க்கா? டக்குனு சொல்லுங்க, யோசிக்கக் கூடாது.

ரேம்னு சொன்னவங்க எல்லாம் கையத் தூக்குங்க. நானும் உங்க கட்சிதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்குன பல்பு அம்புட்டுக்கும் அந்த ஒரு வார்த்ததான் காரணம்.

பேரு சுகன்யா. வயசு இருபத்தெட்டு. ரிட்டயர்டு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். போன வெள்ளிக்கெழம பொன்னாடை போத்தி, மால போட்டு, ஒரு எவர்சில்வர் குடமும் குடுத்து அனுப்பி வச்சாங்க. ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வழியனுப்புற பாட்டு தெரியாது, அதனால வரவேற்புப் பாட்டயே சோகமா பாடுச்சுங்க. இதுக்கு மேல ரிட்டயர்மென்ட்டுக்கு என்ன வேணும்? மதுரையில புது வேலைக்குப் போக ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துல எங்க அய்யா வீட்ல கால நீட்டி ஒக்காந்து, குடத்தப் பாத்துட்டே இத டைப் பண்ணிட்டிருக்கேன்.

எதுக்கு எழுதுறேன்னா, எனக்குப் பதிலா அந்த ஸ்கூல்ல சேர்ற பொண்ணு ஃபர்ஸானா. பரமக்குடியில நான் படிச்ச அதே காலேஜ். காலேஜ் குரூப்புல நேத்து ஒரு மெசேஜ் போட்டுச்சு: "சீனியர்ஸ், சர்வர மாத்தச் சொல்லி எச்செம் சொல்லிட்டாங்க. பெருசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஏஐ எல்லாம் ஓடுற மாரி. எது வாங்க?" கீழ நாப்பது பதில். நாப்பதுலயும் மாடல் பேரு. ஒருத்தன் ராக்கெட் விடுற கம்பெனிக்கு ஆகுற சர்வர லிங்க்கோட போட்டிருக்கான். ஏலே, அது எட்டாங்கிளாஸ் மார்க் ஷீட் பிரிண்ட் எடுக்கப் போகுதுடா!

அதப் படிச்சதும் எனக்கு மூக்குல தேங்கா எண்ணெ வாசம் அடிச்சுச்சு. ஏன்னு சொல்றேன்.

நான் வேலைக்கு வந்த கத ரொம்ப சின்னது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் மதுரையில மூணு மாசம் சர்வர் கோர்ஸ். அங்கன ஒரு கண்ணாடி ரூம், உள்ள குளுகுளுன்னு ஏசி, கறுப்பா, தட்டையா, பச்ச லைட்டு மினுக் மினுக்னு சர்வருங்க அடுக்கடுக்கா. பாத்ததும் லவ்வு. பயிற்சிக் காலம் முடிஞ்சுச்சு, அம்புட்டுதான்.

கம்ப்யூட்டர் டீச்சர் வேல கெடச்ச ஸ்கூலு பெரியபட்டினத்துக்குப் பக்கத்துல. ஒரே வரிசையில எட்டு ரூம். கடைசி ரூமு ஜன்னல்ல இருந்து கல்லெறிஞ்சா கடல்ல விழும். பத்தாவது வரைக்கும்தான் இருந்துச்சு. எச்செம், அதான் தலைமையாசிரியை, ஜெசிந்தா டீச்சர், கணக்கு டீச்சர். சத்தம் போட மாட்டாங்க, முடியாதுன்னும் சொல்ல மாட்டாங்க. நம்ம என்ன கேட்டாலும் சாக்பீஸ எடுத்து நம்ம கையில குடுத்து "எழுதும்மா" அப்டின்னுருவாங்க. ஸ்டாஃப் ரூம்ல அதுக்குன்னே ஒரு போர்டு. அதுல நின்னு எழுத ஆரம்பிச்சா நம்ம கேட்டது நமக்கே மொக்கையா தெரியும். பாதிப் பேரு பாதி வரியில அழிச்சிட்டு போயிருவாங்க.

அட்டெண்டர் முனியசாமி அண்ணன். அவருக்கு ஒரே எதிரி, துரு. உப்புக்காத்துல கேட்டு, பூட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மணியடிக்கிற தண்டவாளத் துண்டு எல்லாமே ஆறே மாசத்துல பொரிஞ்ச அப்பளம் மாரி ஆயிரும். அதனால சனிக்கெழமன்னா அண்ணன் ஒரு கொட்டாங்கச்சியில தேங்கா எண்ணெயும் பழைய பனியன் துணியும் எடுத்துட்டு கெளம்பிருவாரு. இரும்புன்னு கண்ணுல பட்டா எண்ணெ. அந்தப் பக்கத்துல படகு வச்சிருக்கவங்க எல்லாரும் பண்றதுதான். ஒருவாட்டி பி.டி. சாரோட விசிலுக்கே எண்ணெ போட்டுட்டாரு. சாரு ஊதுனாரு, முட்டை முட்டையா வந்துச்சு.

நான் சேந்த வருஷம்தான் ப்ளஸ் ஒன் ஆரம்பிக்க அனுமதி கேட்டிருந்தோம். ஒரே ஒரு குரூப், கம்ப்யூட்டர் சயின்ஸ். இருபது கம்ப்யூட்டர், நடுவுல ஒரு சர்வர், எல்லாம் ஓடுதான்னு கல்வித்துறை ஆபீசர் நேர்ல வந்து பாப்பாரு. ஓடுனா அனுமதி. இல்லன்னா அடுத்த வருஷம் பாப்போம். பேப்பர்ல பாத்தா சின்ன விஷயம். ஆனா பத்தாவது முடிச்சதும் அதுல சேர பதினோரு பொண்ணுங்க காத்துட்டிருந்துச்சுங்க. வீட்ல எல்லாம் ஒரே பேச்சு: "இங்கனக்குள்ளன்னா படிக்கட்டும். ராமநாதபுரத்துக்கு பஸ்ஸேத்தி அனுப்ப மாட்டோம்." அடுத்த வருஷம் வரைக்கும் எந்தப் பொண்ணும் சும்மா வீட்ல இருக்காது, கல்யாணப் பேச்சு வந்துரும். ஆக இந்த வருஷம் இல்லன்னா எந்த வருஷமும் இல்ல. அந்தப் பதினொண்ணுல ஒண்ணுதான் ஃபர்ஸானா. அதோட வாப்பா படகு எஞ்சின் ரிப்பேர் பாக்குறவரு.

சரி, சர்வர். எச்செம் சாக்பீஸ நீட்டுனாங்க.

நான் ஸ்டைலா எழுதுனேன்: ரெண்டு ப்ராசசர், நூத்தி இருபத்தெட்டு ஜிபி ரேம்...

"பேரெல்லாம் எழுதாதம்மா. அது பாக்கப் போற வேலய எழுது."

எழுதுனேன். மார்க்கும் அட்டெண்டென்ஸும் வைக்கணும். நெட்டு போனாலும் பாட வீடியோ ஓடணும். லேப்ல பிள்ளைங்க எந்த கம்ப்யூட்டர்ல ஒக்காந்தாலும் அதுஅது ஃபைல் அங்கன வரணும். பிரிண்ட் எடுக்கணும். மொத்தமே நாலு வரி. எனக்கே கடுப்பாயிருச்சு.

"இப்ப பக்கத்துல ஒரு கோடு போடு. மேல 'செத்தா யாரு அழுவா'ன்னு எழுது."

"டீச்சர்?"

"இந்த வேல நின்னு போனா யாரு அழுவா? ஒவ்வொண்ணுக்கும் எழுது."

மார்க்குக்கு 'எச்செம்'னு எழுதுனேன். வீடியோவுக்கு 'யாருமில்ல'. பிரிண்ட்டுக்கு 'கிளார்க்கு, ஆனா சந்தோசத்துல'. லேப் ஃபைலுக்கு 'பதினோரு பிள்ளைங்க'ன்னு எழுதுனேன். எச்செம் அதுக்கடியில 'அழிக்காதே'ன்னு எழுதி, நாலு வரியையும் சுத்தி டப்பா மாரி கோடு கட்டிட்டாங்க.

"இப்ப சொல்லு, இந்த நாலு வேலைக்கு ரெண்டு ப்ராசசர் எதுக்கு?"

"அத வச்சு என்ன வேணாலும் பண்ணலாம் டீச்சர்!"

"என்ன வேணாலும் பண்ண நமக்கு எங்கம்மா நேரம்?"

இங்கன நிறுத்தியிருந்தா நான் புத்திசாலி. ஆனா நான் விடல. ஒரு வாரம் பின்னாலயே சுத்துனேன். மதுரையில ஒரு பெரிய கம்பெனி கழிச்சுப் போட்ட, அடுக்கடுக்கா மாட்டுற ரேக் சர்வர் இருக்கு, சின்னப் பெட்டி வாங்குற வெலைக்கே கெடைக்கும், யானைய ஆட்டு வெலைக்கு தர்றான்னு ஒரே அலப்பற. எச்செம் கடைசியில போர்டு ஓரத்துல 'சுகன்யா பொறுப்பு'ன்னு எழுதிட்டு வாங்கச் சொல்லிட்டாங்க. அத நான் ஜெயிச்சதா நெனச்சேன். எவ்ளோ அழகான மக்கு பாருங்க நானு. அவங்க போட்ட ஒரே கண்டிஷன், தெனம் சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு தனி டிஸ்க்ல காப்பி எடுத்து அவங்க கையில குடுக்கணும். அத ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல, துணி சுத்தி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. "டீச்சர் வீட்ல இன்னைக்கு டிஸ்க் குழம்பு"ன்னு நான் கிண்டல் வேற பண்ணிட்டுத் திரிஞ்சேன்.

யானை வந்துச்சு. மூணு பேரு தூக்குனோம். ஸ்விட்ச்ச போட்டேன்.

மக்களே, ஏசி ரூம்ல கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்த எனக்கு, அது கத்தும்னு யாரும் சொல்லித் தரல. விமானம் கெளம்புற சத்தம்! யூபிஎஸ்ஸு பயந்து போயி கீ கீன்னு அழுவுது. ஆறாங்கிளாஸு மொத்தமா எந்திரிச்சு வெளிய ஓடி வானத்தப் பாக்குது. பாடம் எடுத்துட்டிருந்த எச்செம் சாக்பீஸோட வந்து வாசல்ல நின்னாங்க. வாசல்ல எட்டிப் பாத்த ஃபர்ஸானாதான் சொன்னுச்சு:

"மிஸ், ஸ்கூலுக்கு விசைப்படகு வாங்கிட்டீங்களா?"

இத ஸ்டாஃப் ரூம் பக்கத்துல வச்சா பாடம் நடத்த முடியாது. எங்கன வைக்க? கடைசி ரூமு. கடல் பக்கம். பழைய கேரம் போர்டும் கிழிஞ்ச வாலிபால் நெட்டும் கெடக்குற ரூமு. நான் வயக்காட்டு ஊருப் பொண்ணு, எனக்கு காத்து வந்தா நல்லது, அவ்ளோதான் தெரியும். ஏசி இல்ல, ஆனா இருவத்திநாலு மணி நேரமும் காத்து பிச்சிட்டு வருதுல்ல!

எச்செம் மட்டும் கேட்டாங்க. "உப்பு அரிக்காதா?"

முனியசாமி அண்ணன் முன்னாடி வந்தாரு. "நா எதுக்கு டீச்சரம்மா இருக்கேன்? வாரா வாரம் எண்ணெ போட்டுக்கிறேன்."

மூணு பேரும் தலையாட்டுனோம். இந்த எடத்துல நீங்க தலையில அடிச்சுக்கலாம்.

மூணு மாசம் ஓடுச்சு. வெளிய பெட்டி பளபளன்னு, கண்ணாடி மாரி, மொகம் பாத்து பொட்டு வைக்கலாம். நான் போட்டோ எடுத்து குரூப்புல போட்டு கெத்து காட்டுனேன். ஆபீசர் செவ்வாக்கெழம வாராருன்னு தகவல் வந்துச்சு. அதுக்கு முந்துன வெள்ளிக்கெழம காலையில போயி பாத்தா ரூமு அமைதியா இருக்கு. அம்புட்டு அமைதி. அலை சத்தம் கேக்குது.

மூடியத் திறந்தேன். உள்ள ஒரு கறுப்புக் குழம்பு. புளியக் கரைச்சு மணல அள்ளிப் போட்டு கிண்டி வச்ச மாரி. விசிறி எல்லாம் அதுல ஒட்டிப் போயி நிக்குது. ரேம் காலெல்லாம் பச்ச பூத்திருக்கு. அப்புறம் அந்த வாசம். தலைக்குக் குளிச்சிட்டு எண்ணெ வச்ச மாரி, செம கமகமன்னு.

"அண்ணே... உள்ளயுமா எண்ணெ போட்டீங்க?"

"ஆமா தாயி." மூஞ்சி பூரா பெருமை. "விசிறி கீச்சு கீச்சுன்னு கெடந்துச்சு. மூடியத் தொறந்து எட்டுக்கும் ஊத்தி விட்டேன். அதுக்கப்பறந்தேன் வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. கவனிச்சியா?"

கவனிச்சேன். சத்தம் கொறஞ்சிருச்சேன்னு சந்தோசப்பட்டேன், இந்த மூதேவி. எண்ணெய விசிறி உள்ள தெளிச்சிருக்கு, அது மேல உப்பும் மணலும் வந்து அப்பி ஒக்காந்திருக்கு. கடல மொத்தமா உறிஞ்சி உள்ள இழுக்குற மாரி ஒரு ரூமத் தேடிக் குடுத்தது நானு. அண்ணன திட்ட வாயத் தொறந்தேன், சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் பதினோரு பேரு ஞாபகம் வந்துச்சு, சிரிப்பு போயிருச்சு.

அண்ணனுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. "தாயி, அப்ப நம்ம பிள்ளைகளுக்கு ப்ளஸ் ஒன்னு...?"

நான் நேரா எச்செம் ரூமுக்குப் போனேன். திட்டுவாங்கன்னு பாத்தா, "போர்டுக்கு வா"ன்னாங்க. டப்பா கட்டுன நாலு வரி அப்டியே இருந்துச்சு. அதுல யானையும் இல்ல, ரேமும் இல்ல.

"டிஸ்க்கு என் டிபன் பாக்ஸ்ல பத்திரமா இருக்கு. செத்தது பெட்டி மட்டும். இந்த நாலு வேலயப் பாக்க இப்ப நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். லேப்ல இருக்க இருபதும் ஆபீசருக்குக் காட்டணும்."

"என் டேபிள்ல ஒண்ணு இருக்கு. உன் டேபிள்ல ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் சாதா கம்ப்யூட்டர் டீச்சர்! லேப்ல இருக்குற அதே டப்பா!"

"நீயும் நானும் சாதா டீச்சருதான். நாலு வேல பாக்கலையா?"

சனிக்கெழம காலையில எச்செம் டேபிள் டப்பாவ எடுத்து, சர்வரா மாத்த லினக்ஸ் போட்டு, டிபன் பாக்ஸ் டிஸ்க்ல இருந்து எல்லாத்தையும் ஏத்துனேன். மத்தியானம் பதினோரு பொண்ணுங்களையும் வரச் சொல்லி, மிச்ச சீட்டுக்கு ஒம்போதாங்கிளாஸ்ல இருந்து ஒம்போது பேரப் பிடிச்சு, இருபது கம்ப்யூட்டர்லயும் ஒக்கார வச்சோம். சோதன என்னன்னா, எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோவ அமுக்கணும். ஃபர்ஸானா நடுவுல நின்னு எண்ணுச்சு. "ஒண்ணு... ரெண்டு... ஏய் செல்வி, இப்பவே அமுக்காத, பிசாசு... மூணு!"

அமுக்குனாங்க. இருபது ஸ்க்ரீன்லயும் ஒரே பாடம், தவள இதயம். நான் அங்கிட்டு ஓடி சர்வர் எவ்ளோ தெணறுதுன்னு பாத்தேன். தெணறவே இல்ல. ஏதோ மூணுல ஒரு பங்கு ஓடிட்டிருக்கு, மிச்சத்துக்கு சும்மா ஒக்காந்திருக்கு. சத்தம்? காத வச்சுக் கேட்டாத்தான் கேக்கும். மூணு மாசமா நான் யானைய வச்சு கடுகு தாளிச்சிருக்கேன். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு, பொண்ணுங்க எல்லாம் என்னத்துக்குன்னே தெரியாம கூட சேந்து சிரிக்குது, எச்செம் கூட வாயப் பொத்திக்கிட்டாங்க.

இந்தவாட்டி வைக்கிற எடம் எச்செம் டேபிள். கடலுக்கு எதிர்ப்பக்கம். அந்த ரூம்லயும் மேல ஒரு வெண்டிலேட்டர் வழியா காத்து வரும். அண்ணன் வாசல்லயே நிக்கிறாரு, கொட்டாங்கச்சிய முதுகுக்குப் பின்னால மறைச்சிக்கிட்டு.

"அப்ப இனிமே எண்ணெயே ஆகாதா தாயி?"

அவரு பைக்கு வெளிய நின்னுச்சு. அதப் பாத்ததும் ஒண்ணு தோணுச்சு. "அண்ணே, உங்க பைக்குல காத்து உள்ள போற எடத்துல ஸ்பாஞ்சு இருக்குமே, அத எதுல நனைப்பாங்க?"

"எண்ணெயிலதேன். தூசிய பிடிச்சிக்கிறணும்ல?"

சொல்லி முடிக்கும்போதே அவரு மொகத்துல லைட்டு எரிஞ்சிருச்சு. அரை மணி நேரத்துல வெண்டிலேட்டர் அளவுக்கு ஸ்பாஞ்சு வெட்டி, எஞ்சின் ஆயில்ல லேசா நனைச்சுப் பிழிஞ்சு, செருகிட்டாரு. எண்ணெ பெட்டிக்கு இல்ல, பெட்டிக்கு வர்ற காத்துக்கு. வாரா வாரம் சனிக்கெழம கழுவி மாத்துவாரு. கழுவுற தண்ணி எப்டி இருக்கும்னு நெனைக்கிறீங்க? அம்புட்டும் உப்பு.

செவ்வாக்கெழம. ஆபீசர் வந்தாரு. லேப்ப சுத்திப் பாத்தாரு. பதினோரு பொண்ணுங்களும் உள்ள ஒக்காந்திருக்கு, மூச்சு விடுதுங்களான்னே தெரியல.

"சர்வர் ரூம் எங்க மேடம்?"

எச்செம் அவங்க டேபிளக் காட்டுனாங்க. அட்டெண்டென்ஸ் ரிஜிஸ்டருக்குப் பக்கத்துல அந்த டப்பா.

"இதுவா? இது சாதா கம்ப்யூட்டருல்ல?"

"ஆமா சார்."

"இது நின்னு போச்சுன்னா கிளாஸே நின்னுருமே. நாளைக்கு நான்ல பதில் சொல்லணும்?"

சரியான கேள்வி. நான் அந்த எடத்துல இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன். எச்செம் என்னயப் பாத்தாங்க. "சுகன்யா, அத நிறுத்தும்மா."

"டீச்சர்...?"

"பிளக்க பிடுங்கு."

பிடுங்கிட்டேன். லேப்ல இருபது ஸ்க்ரீனும் அப்டியே ஒறஞ்சு நின்னுச்சு. உள்ள இருந்து "அய்யோ"ன்னு ஒரு சத்தம். எச்செம் வாட்ச்ச பாத்துட்டு, "ஃபர்ஸானா, டிபன் பாக்ஸ எடுத்துட்டு வா"ன்னாங்க.

"எனக்கு சாப்பாடெல்லாம் வேணாம் மேடம்"னாரு ஆபீசர்.

ஃபர்ஸானா டிபன் பாக்ஸத் தொறந்து, துணியப் பிரிச்சு, டிஸ்க்க எடுத்துச்சு. ஞாயித்துக்கெழம பூரா நான் எடுத்து வச்ச முழு காப்பி. இப்ப அத என் டேபிள்ல இருக்க டப்பாவுல மாட்டணும். அதே மாடல், அதே ஸ்க்ரூ. எனக்கு அவசரம், ஸ்க்ரூ ட்ரைவர் வழுக்கிட்டே போகுது.

"குடுங்க மிஸ்." வாங்கிருச்சு. நாலு ஸ்க்ரூவையும் கழட்டி ஒரே வரிசையா வச்சுச்சு. "கழட்டுன வரிசையில வைக்கணும் மிஸ். இல்லன்னா எங்க வாப்பா கொன்னுரும்."

மாட்டுச்சு. மூடுச்சு. ஸ்விட்ச்ச போட்டுச்சு. நான் எண்ணிட்டிருந்தேன், எங்கனயோ எண்ணிக்கைய விட்டுட்டேன். லேப்ல இருந்து "வந்துருச்சு மிஸ்"னு ஒரு கொரலு. அப்புறம் ரெண்டு. அப்புறம் இருபதும்.

"ஒம்போது நிமிஷம் சார்," எச்செம் வாட்ச்ச இறக்குனாங்க. "இது செத்தா அது. அது செத்தா லேப்ல இருக்க இருபதுல எது வேணாலும். பெரிய சர்வருன்னா எங்களுக்கு ஒண்ணுதான் இருக்கும்."

ஆபீசர் நோட்ல எழுதுனாரு. போறப்ப மட்டும் ஃபர்ஸானாகிட்ட கேட்டாரு, "நீ இந்த ஸ்கூல் ஸ்டாஃபாம்மா?"

"இல்ல சார். நீங்க கையெழுத்து போட்டா ஸ்டூடண்ட்டு."

போட்டுட்டாரு. பத்து நாள்ல லெட்டர் வந்துச்சு. ஃபர்ஸானா வீட்ல இருந்து ஒரு தூக்குச் சட்டி நெறைய தொதல் வந்துச்சு, அந்த ஊரு அல்வா, கையில எடுத்தா ஒட்டும், வாயில வச்சா வழுக்கும். மூணு நாள் சோறே திங்கல நானு.

அப்புறம் ஆறு வருஷம். சொல்லிக்கிற மாரி ஒண்ணுமே நடக்கல. அதான் அந்த டப்பாவோட சாதனையே. ரெண்டு தடவ செத்துச்சு, ரெண்டு தடவயும் மணியடிக்கிறதுக்குள்ள அடுத்த டப்பா எந்திரிச்சிருச்சு, யாரும் அழல. நல்ல சர்வர் வாங்கி வச்சா சர்வர் பாக்குற ஆளுக்கு வேல இருக்காது, நான் எட்டாங்கிளாஸுக்கு கணக்கு எடுத்தேன், ஆண்டு விழாவுக்கு மைக்கு செட்டு பாத்தேன். யானைய மணிக்குக் கீழ போட்டு வச்சிருக்கோம். முனியசாமி அண்ணன் அது மேல ஏறி நின்னுதான் மணியடிக்கிறாரு. இன்னைக்கும் ஒரு பொட்டுத் துரு கெடையாது. பின்ன, வாரா வாரம் எண்ணெல்ல?

ஃபர்ஸானா, இம்புட்டும் உனக்குத்தான். ஏஐ வேணும்னா வாங்கு, வேணாங்கல, எனக்கும் ஆசதான். இத எழுதுறதுக்கு முன்னாடி குரூப்புல 'நான் மாடல் பேரு சொல்ல மாட்டேன்'னு மட்டும் போட்டேன். ஃபர்ஸானா ஒடனே பதில் அனுப்பிருச்சு, ஒரு போட்டோ. ஸ்டாஃப் ரூம் போர்டு. நம்ம நாலு வரியும் அப்டியே இருக்கு. அஞ்சாவது வரியா 'ஏஐ'ன்னு எழுதிருக்கு. பக்கத்துல, செத்தா யாரு அழுவாங்குற எடம் இப்ப வரைக்கும் காலியா கெடக்கு.